மாதேஸ் மாப்பிள்ளை ஓய்வு பெற்ற கதை

வெள்ளிமலையில் அவனை யாரும் மாத்தே என்று கூப்பிடுவதில்லை. கல்யாணமான புதிதில் சந்திரலேகா அந்தப் பெயரை எல்லாருக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். அவளுடைய அப்பா கருப்பண்ணன் அதை இரண்டு தடவை வாயில் போட்டு மென்றுவிட்டு, "மாதேஸு. அதானே? நம்ம பேருதான்" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து ஆறடிக்கு மேல் உயரமான அந்தக் குரோஷியாக்காரன் மலைக்கெல்லாம் மாதேஸ் மாப்பிள்ளை ஆகிவிட்டான்.

அவன் பிறந்தது குரோஷியாவின் தெற்கு மூலையில், கடலுக்குப் பக்கத்தில், நெரெத்வா என்ற ஆற்றின் கரையில் ஓர் ஊரில். அப்பாவுக்கு அங்கே கமலா ஆரஞ்சுத் தோட்டம். தோட்டத்துக்குள் தம்பியோடு பந்து உதைத்துக்கொண்டிருந்தவன், பதினேழு வயதில் பக்கத்து நகரத்துக் கிளப்பில் டிபென்டராகச் சேர்ந்தான். அதற்குப் பிறகு ஹங்கேரி, ருமேனியா, சைப்ரஸ், தாய்லாந்து என்று எங்கெங்கோ போய் ஆடினான். எந்த ஊரிலும் அவன் பெரிய பெயர் வாங்கவில்லை. கோல் அடித்தவன் படம் பேப்பரில் வரும். அடிக்கவிடாமல் தடுத்தவன் படம் எந்தப் பேப்பரில் வந்திருக்கிறது? ஒரே ஒரு தடவை சொந்த நாட்டு அணிக்குக் கூப்பிட்டார்கள். இறங்கச் சொல்வார்கள் என்று கோட்டோரமாக ஓடி ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டே இருந்தான். ஆட்டம் முடிந்துவிட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிப்பான்.

கடைசியாக வந்து சேர்ந்தது சென்னை. வந்த முதல் சீசனிலேயே இடது முட்டியின் ஜவ்வு மறுபடியும் கிழிந்தது. ஆபரேஷன் நடந்த தனியார் ஆஸ்பத்திரியில் சந்திரலேகா ஸ்டாப் நர்ஸாக இருந்தாள். மறுநாள் விடியற்காலையில் யாரையும் கூப்பிடாமல் அவனாகவே எழுந்து பாத்ரூம் போகப் பார்த்தான். கதவைத் திறந்தவள் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, ஆங்கிலமெல்லாம் மறந்துபோய், "இன்னா, சொன்னா கேக்க மாட்டியா? படு!" என்று கத்தினாள். அர்த்தம் தெரியாவிட்டாலும் அவன் பேசாமல் படுத்துக்கொண்டான். மத்தியானம் மாத்திரை கொடுக்க வந்தவளிடம், "படு என்றால் என்ன?" என்று கேட்டான். அவன் கற்ற முதல் தமிழ்ச் சொல் அதுதான். மிச்சத் தமிழையும் அவளிடமிருந்தே கற்றுக்கொண்டதால் 'போய்க்கினு', 'வந்துக்கினு' என்றுதான் இன்றுவரை பேசுகிறான்.

கல்யாணப் பேச்சு எடுத்தபோது கருப்பண்ணனுக்கு மாப்பிள்ளையின் நிறத்திலோ பாஷையிலோ பெரிய குறை எதுவும் தெரியவில்லை. அவருடைய சந்தேகம் வேறு.

"வேல இன்னா செய்றாரு?"

"பந்து வெளையாடறாருப்பா."

"அது சரி. வேல?"

அந்தக் கேள்வி கேட்டு இரண்டு வருஷம் கழித்து நிலைமை இன்னும் மோசமானது. சந்திரலேகாவுக்கு அரசாங்க வேலை கிடைத்து வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டார்கள். அதே சமயத்தில் சென்னைக் கிளப் மாத்தேவோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கைக்குழந்தை மலர்விழியைத் தூக்கிக்கொண்டு அவனும் அவள் பின்னால் மலையேறி வந்துவிட்டான். இப்போது பந்து விளையாட்டும் இல்லை.

"ரிட்டேர்டு ஆயிட்டாரா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"இல்ல, ரெஸ்ட்டு" என்றான் மாத்தே.

அந்த ரெஸ்ட் இரண்டு வருஷமாக நடந்தது. ஓய்வு பெற்றுவிட்டேன் என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை, மனைவி உட்பட. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூட்ஸ்களை ஈரத்துணியால் துடைத்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து ஜன்னலில் வைப்பான். விடிந்ததும் பெரியார் அருவிப் பக்கம் ஓடப் போவான். சந்திரலேகா டியூட்டிக்குக் கிளம்பும்போது திரும்பி வருவான். வாசலில் நான்கு படிகள்தான். அவற்றைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறுவான். இறங்கும்போது பின்பக்கமாக இறங்குவான். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் இடது காலை நீட்டியே வைத்திருக்க வேண்டும். மலர்விழி அந்தக் காலைத் தாண்டித் தாண்டி விளையாடுவாள்.

"வீங்கியிருக்குது. இன்னா பண்ண?"

"படில வழுக்கிட்டேன்."

"நேத்தும் அதே படியா?"

சந்திரலேகா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்து முட்டியில் வைப்பாள். அந்த முட்டியில் இருந்த தழும்புகள் ஒவ்வொன்றும் எந்த ஊரில் வந்தது என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு தழும்புக்கு அங்கே இடமில்லை என்பதும் தெரியும்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் போன் வந்தது. வெள்ளிமலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் அவனுடைய போனுக்கு ஒழுங்காக சிக்னல் கிடைக்கும். தடுப்பூசி போட வந்த குழந்தைகளின் அழுகைக்கு நடுவில், சுகாதார நிலையத்து ஜன்னல் வழியாக சந்திரலேகா அவனைப் பார்த்தாள். யாரிடமோ வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். பேசப் பேச அவன் முதுகு நிமிர்ந்தது. இரண்டு வருஷமாக அவன் அப்படி நிமிர்ந்து நின்று அவள் பார்க்கவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"சிஸ்டர், போடுங்க" என்றாள் பிள்ளையைப் பிடித்திருந்தவள்.

சாயங்காலம் அவன் சொன்னான். பழைய ஏஜென்ட் கூப்பிட்டாராம். கேரளத்தில் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒரு கிளப்புக்கு அனுபவமுள்ள டிபென்டர் வேண்டுமாம். அணி இப்போது சென்னையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே போய் மெடிக்கல் டெஸ்டில் தேறி, ஒரு பயிற்சி ஆட்டம் ஆடிக் காட்டினால் ஒப்பந்தம்.

"ஒரே ஒரு சீசன், லேகா."

"சென்னைல போன தடவையும் இதான் சொன்ன."

"இந்தத் தடவ நெஜம்."

"போன தடவையும் நெஜம்னுதான் சொன்ன."

அவன் மலர்விழியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். சந்திரலேகாவுக்குக் கோபம் ஏறியது.

"ஒனக்குப் புரியுதா இல்லியா? அந்த முட்டில ஜவ்வு பாதிகூட இல்ல. இன்னொரு தடவ மடங்குச்சின்னா செயற்கை மூட்டுதான் வெக்கணும்னு டாக்டர் சொன்னாரா, இல்லியா? கொழந்தைய இடுப்புல தூக்கிக்கினு ஒன்னால நடக்க முடியுதா?"

"டாக்டர் நாப்பது வயசுல வெக்கணும்னு சொன்னாரு. எனக்கு முப்பத்தேழுதான்."

"சந்தோசமா சொல்றியே!"

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னால் அவன் கேட்பான். முன்பு ஒரு தடவை வேறொரு கிளப் கூப்பிட்டபோது அப்படித் தடுத்துப் பார்த்திருக்கிறாள். போகவில்லை. ஆனால் ஒரு மாதம் முழுக்க ஜன்னலோரமாக உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, சாப்பிட்டு, தூங்கி, வீட்டில் இருந்துகொண்டே இல்லாமல் இருந்தான். அந்த மாதத்தை அவளால் இன்னொரு தடவை தாங்க முடியாது.

"சரி, போயிட்டு வா" என்றாள்.

அவன் போன மறுநாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது அவளுடைய போன் முனகியது. மெடிக்கல் டெஸ்ட் பாஸ் என்று செய்தி. பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திய படம். இத்தனை நாளும் அவள் உள்ளுக்குள் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் டாக்டர் யாராவது, 'இந்தக் காலை வைத்துக்கொண்டா வந்தாய்? வீட்டுக்குப் போ' என்று சொல்லிவிடுவார் என்று நினைத்திருந்தாள். தான் சொல்ல முடியாததை வேறு யாராவது சொல்லிவிட வேண்டும். யாரும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா பெரியம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"அவரு பாஸாயிட்டாரு."

"பாஸாயிட்டா நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு சந்திரலேகா உள்ளே போய் அவனுடைய பெரிய பெட்டியை இழுத்து வெளியே வைத்தாள். அவனுடைய துணிகளை மடித்து அடுக்கினாள். முட்டிக்குப் போடும் பட்டை, தைலம், வலி மாத்திரை. அடுக்கும்போதே வரப்போகிற மாதங்கள் கண்ணில் ஓடின. ஒவ்வொரு ஆட்டத்தையும் டிவியில் பார்க்க வேண்டும். பந்து எங்கே போகிறது என்று உலகமே பார்க்கும்போது அவள் மட்டும் ஒரு முட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் விழுந்தால் எழுகிற வரைக்கும் மூச்சு விடாமல் இருக்க வேண்டும். எழுந்து நின்றதும் நொண்டுகிறானா என்று பார்க்க வேண்டும். சென்னையில் அவன் ஆடிய காலத்தில் அவள் அப்படித்தான் இருந்தாள்.

அடுத்த நாள் அவன் கூப்பிட்டான். இன்றைக்குப் பயிற்சி ஆட்டம், நாளைக் காலை கையெழுத்து. மற்றவர்கள் எல்லாரும் நேராகக் கேரளம் போகிறார்கள். அவன் மட்டும் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வருவான். அங்கே அவளையும் மலர்விழியையும் பார்த்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு, சேலம் போய் ரயில் பிடிப்பான்.

"இன்னொரு ஜோடி பூட்ஸு மட்டும் மறக்காத" என்றான். வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியான பஸ்ஸில் சந்திரலேகாவும் மலர்விழியும் கருப்பண்ணனும் மலையிறங்கினார்கள். பெட்டியைத் தன் காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு கருப்பண்ணன் முன்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் பெட்டி அவரை இடித்தது. மலர்விழி முதல் வளைவிலேயே தூங்கிப்போனாள்.

"கேரளா ஒன்னும் தூரம் இல்லம்மா" என்றார் கருப்பண்ணன், கச்சிராயபாளையம் தாண்டியபோது. "நம்ம ஆளுங்க மொளகு பறிக்கப் போய்ட்டு வரலியா?"

"தூரத்துக்காகவா நான் கவலப்படறேன்?"

"பின்ன?"

அவள் தன் முட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கும் தெரியுது" என்றார் கருப்பண்ணன். "படில எறங்கறதப் பாத்துக்கினுதான கீறேன். நம்ம சொன்னா தப்பா எடுத்துப்பாரோன்னு வாயத் தெறக்கல."

இத்தனை நாளும் வீட்டில் தான் மட்டும்தான் அதைப் பார்க்கிறோம் என்று நினைத்திருந்தாள் சந்திரலேகா. அப்பா பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவர்கள் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சென்னை பஸ் ஒன்று வந்தது. அதில் அவன் இல்லை. மலர்விழி முறுக்கு கேட்டு அழுதாள்; கருப்பண்ணன் வாங்கி வந்தார். சேலம் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. கண்டக்டர்கள் "சின்னசேலம், ஆத்தூர், சேலம்" என்று கூவுவதைக் கேட்கக் கேட்க அவளுக்கு எரிச்சலாக வந்தது. அழக்கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். முட்டியைப் பற்றிப் பேசக்கூடாது. பெட்டியைக் கொடுக்க வேண்டும், சிரிக்க வேண்டும், அனுப்பிவிட வேண்டும்.

அடுத்த பஸ்ஸில் வந்தான். படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி, கால் தரையைத் தேட, மெதுவாக இறங்கினான். பின்னால் இறங்க நின்ற பெண்மணி, "சீக்கிரம் எறங்குய்யா" என்று சொல்லிவிட்டு, அவன் உயரத்தைப் பார்த்ததும் பேசாமல் நின்றாள். சந்திரலேகாவின் கண் பழக்கத்தில் முதலில் முட்டிக்குத்தான் போனது. பேன்ட்டுக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

"பொட்டிய எடுத்தாந்தியா?" என்றான்.

"எடுத்தாந்தேன்."

"பூட்ஸு?"

"உள்ள கீது."

"சரி, வா. மறுபடியும் மேல எடுத்துக்கினு போலாம்."

அவளுக்கு விளங்கவில்லை. அவன் தமிழில் சில சமயம் வார்த்தைகள் இடம் மாறி விழும். "மேல எங்க? சேலம் பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குது" என்றாள்.

"சேலம் இல்ல. வெள்ளிமல. நான் சைன் பண்ணல, லேகா."

கருப்பண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். "ஏன் மாப்ள? வேணான்னுட்டானுங்களா?"

"இல்ல மாமா. அவங்க வேணும்னாங்க. நான்தான் வேணான்னுட்டேன்." புது வார்த்தை ஒன்றைச் சொல்லிப் பார்க்கிறவன் மாதிரி, "நான் ரிட்டேர்டு" என்றான்.

சந்திரலேகா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரமாகப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் கையிலிருந்தும் காலிலிருந்தும் இறங்கிப் போனது போல இருந்தது. அழக்கூடாது என்று வைத்திருந்த முடிவு இப்போது செல்லாது என்று தோன்றியதும் அழுதாள். அழுதுகொண்டே அவன் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"இத போன்ல சொல்றதுக்கு இன்னா? காத்தாலருந்து நான் செத்துக்கினு கீறேன்!"

"சார்ஜ் இல்ல" என்றான் அவன் பரிதாபமாக.

கருப்பண்ணன் மலர்விழியைத் தூக்கி அப்பா கையில் கொடுத்தார். பக்கத்துப் பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒன்னும் இல்லீங்க" என்று அவர்களைப் பார்த்துச் சொன்னார். "எங்க மாப்ள. ஊருக்குப் போறதா இருந்துச்சி. போவல."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த ஓட்டலுக்குப் போனார்கள். அவன் புரோட்டா கேட்டான். ஒன்று தின்றுவிட்டு இன்னும் இரண்டு கேட்டான். சென்னையில் நடந்ததைத் தின்றுகொண்டே, தமிழ் போதாத இடத்தில் ஆங்கிலத்தில், ஆங்கிலமும் போதாத இடத்தில் கையால் சொன்னான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னைக் கிளப்புக்காக அவன் ஆடிய கடைசி ஆட்டத்தில் பாதியிலேயே முட்டி வீங்கி வெளியே கூட்டி வந்துவிட்டார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. அவனுக்குப் பதிலாக இறங்குகிறவனைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். உள்ளே போய் முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். அடுத்த ஆட்டத்தில் அவன் பெயர் இல்லை. அதற்கடுத்த ஆட்டத்திலும் இல்லை. சீசன் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. அந்த மழை நாள்தான் கடைசி என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

"பதினெட்டு வருசம் ஆடிட்டு, முடிஞ்சி போச்சின்னே தெரியாம முடிஞ்சி போச்சி" என்றான். "அதான் என்னால சொல்லவே முடில, லேகா. ரிட்டேர்டுன்னு சொன்னா என் ஆட்டம் அந்த மழையிலயே நின்னுடும்னு இருந்துச்சி."

அவள் தனக்கென்று எதுவும் வாங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பயிற்சி ஆட்டத்தில் முதலில் கால் சொன்னபடி கேட்கவில்லையாம். அப்புறம் பழகிவிட்டது. இளம் பையன்களுக்கு வேகம் அதிகம். அவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் நடுக்களத்திலிருந்து ஒரு நீளப் பந்து வந்தது. எதிரணிப் பையன் ஒருவன் மின்னல் மாதிரி அவனைத் தாண்டி ஓடினான். துரத்திப் பிடிக்க முடியாது. மாத்தே துரத்தவில்லை. பையன் எங்கே வந்து சேருவானோ அந்த இடத்துக்குக் குறுக்கே ஓடி, சறுக்கி விழுந்து, பையன் மேல் ஒரு நூல்கூடப் படாமல் பந்தை மட்டும் வெளியே தட்டிவிட்டான்.

"சுத்தமா" என்றான், உள்ளங்கையை மேசையில் வழுக்கிக் காட்டி. "என் லைப்ல அந்த மாதிரி நாலஞ்சிதான் பண்ணியிருப்பேன். வுழுந்து மல்லாக்கப் படுத்துக்கினு கீறேன். எல்லாரும் கை தட்டறாங்க. மேல வானம். அப்ப எனக்கு இன்னா தோணுச்சி தெரியுமா? போதும். அவ்ளோதான். போதும்."

ஆனாலும் உடனே சொல்லவில்லை. ராத்திரி தூங்கி எழுந்தால் மாறிவிடுமோ என்று பார்த்தான். மாறவில்லை. காலையில் பேனாவைக் கையில் கொடுத்தபோது மறுபடி ஐஸ், ஊசி, மாத்திரை, விடியற்காலைப் படிக்கட்டு எல்லாம் ஞாபகம் வந்தன. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஏஜென்ட் கத்தினார். கோச் கத்தவில்லை. அவரும் ஒரு காலத்தில் டிபென்டர்தானாம். "நிச்சயமா?" என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றதும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உன்னைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்றாராம்.

"வருத்தமா இல்லியா?" என்று சந்திரலேகா கேட்டாள்.

அவன் யோசித்துப் பார்த்துச் சொன்னான். "பஸ்ல ஏறுனா வரும்னு நெனச்சேன். விழுப்புரம் வந்துச்சி, வருத்தம் வரல. உளுந்தூர்பேட்ட வந்துச்சி, வரல. தூக்கம்தான் வந்துச்சி. நல்லாத் தூங்கிட்டேன்."

சந்திரலேகாவுக்கு அப்போதுதான் பசி எடுத்தது. தோசை சொன்னாள்.

அவளுடைய போனை வாங்கி அவன் தன் ஊருக்கு வீடியோவில் கூப்பிட்டான். அங்கே மத்தியானம். அவனுடைய அம்மா படத்தில் தெரிந்தாள், பின்னால் சமையலறை. அவன் தன் பாஷையில் இரண்டு வாக்கியம் சொன்னான். அம்மா 'ஹ்வாலா போகு, ஹ்வாலா போகு' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, போனை மேசையில் அப்படியே விட்டுவிட்டு எங்கேயோ ஓடினாள். படத்தில் கூரை மட்டும் தெரிந்தது. தூரத்தில் அவள் யாரையோ கத்திக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"இன்னா சொல்றாங்க?" என்றார் கருப்பண்ணன்.

"கடவுளுக்கு நன்றி சொல்றாங்க மாமா. அப்பாவத் தோட்டத்துலருந்து கூப்புட்றாங்க."

"அங்கயும் இதே கவலதானா!" என்று கருப்பண்ணன் சொன்னார். நேரில் பார்த்தறியாத அந்தச் சம்பந்தியம்மாள் மேல் அவருக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. போனை வாங்கி அந்தக் கூரையைப் பார்த்து, "மாப்ள எங்க வூட்லதான் கீறாரு, நீங்க நிம்மதியா இருங்கம்மா" என்று உரக்கச் சொன்னார்.

மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடித்தார்கள். மத்தியானம் வந்த அதே கண்டக்டர்தான். "இன்னா மாமா, பொட்டி போன மாதிரியே திரும்பி வருது?" என்றார். கருப்பண்ணன் அதற்காகவே காத்திருந்தவர் போல, கோமுகி அணை வரைக்கும் விளக்கிச் சொன்னார். எலுமிச்சை அளவு வீக்கம் அவர் சொல்லச் சொல்லத் தேங்காய் அளவு ஆனது. மாத்தேவுக்கு அதெல்லாம் கேட்கவில்லை. காலை நீட்ட வசதியாகப் பின்சீட்டில் குறுக்காக உட்கார்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். வளைவுகளில் அவன் விழுந்துவிடாமல் சந்திரலேகா சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தூக்கம் ஒரு நாளில் தீரவில்லை. அடுத்த வாரமெல்லாம் வெயில் ஏறின பிறகுதான் எழுந்தான். ஓட்டம் நின்றது. பதினேழு வயதிலிருந்து இது கூடாது, அது கூடாது என்று கட்டி வைத்திருந்த வாய் அவிழ்ந்தது. பெரியம்மாள் பலாச்சுளையைத் தேனில் போட்டுக் கொடுத்தாள். கிண்ணம் கிண்ணமாகத் தின்றான். கோழிக் குழம்பில் எண்ணெயை ஒதுக்காமல் சாப்பிட்டான். புரட்டாசிக்குள் பேன்ட் எதுவும் இடுப்பில் ஏறவில்லை. கருப்பண்ணன் தன் வேட்டியைக் கொடுத்தார். அது முட்டிக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. ஆனால் முட்டியில் வீக்கம் குறைந்திருந்தது. ஒரு நாள் காலை அவன் வாசற்படியில் முன்பக்கமாகப் பார்த்து இறங்குவதை சந்திரலேகா கண்டாள். அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயந்தாள்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர் அருள்மொழி செய்தி கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார்.

"சார், நீங்க ரிட்டேர்டு ஆயிட்டீங்களாமே. நம்ம பசங்களுக்கு கோச்சிங் குடுத்தீங்கன்னா..."

மாத்தே பதறிவிட்டான். "வேணாங்க சார். கொஞ்ச நாளைக்கி பந்தக் கண்ணுலயே காட்டாதீங்க" என்று இரண்டு கையையும் கூப்பினான். அவன் முகத்தைப் பார்த்து அருள்மொழிக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீ குடித்துவிட்டுப் பலாப்பழ விஷயமாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

டீக்கடையில் இப்போது யாராவது மாப்பிள்ளை வேலையைப் பற்றிக் கேட்டால் கருப்பண்ணன் தயங்குவதில்லை. "ரிட்டேர்டு. பதினெட்டு வருசம் சர்வீஸு. அஞ்சாறு நாட்டுல போஸ்டிங்கு" என்பார். கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டுவார்.

மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கேரளக் கிளப்பின் ஆட்டத்தை டிவியில் போட்டார்கள். பார்க்கலாமா வேண்டாமா என்று சந்திரலேகா தயங்கினாள். மாத்தே தானாகவே வந்து, மலர்விழியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தான். அவனுக்குப் பதிலாகச் சேர்ந்திருந்த டிபென்டர் பிரேசில்காரன். ஆரம்பத்திலேயே பந்தைத் தவறவிட்டான். எதிரணி கோல் அடித்தது. கேமரா அவன் முகத்தை நெருங்கிப் போய்க் காட்டியது.

சந்திரலேகா ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள். இந்த இடத்தில் அவனுக்கு ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தாள்.

"பாவம்" என்றான் மாத்தே. "இன்னிக்கி அவனுக்குத் தூக்கம் வராது."

அதற்கப்புறம் ஒன்றிரண்டு தடவை, "அந்த எடத்துல நிக்கக் கூடாது" என்று முணுமுணுத்தான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தால் அப்பாவும் மகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார்கள். ஆட்டம் இன்னும் பாதிகூட முடியவில்லை. சந்திரலேகா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாருடைய முட்டியையும் பார்க்காமல், பந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். இந்த விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.